கொம்பையாவுக்குப் போக வேண்டிய மூட்டை

எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே வாக்கியச் சுமைக் கொட்டகை இருந்தது. அதில் நான் முன் இடது ஆளாக வேலை பார்த்தேன். வாயால் சொல்லிக்கொள்ள முடிந்ததை ஜனங்கள் வீட்டிலேயே சொல்லிக்கொள்வார்கள். எதிரில் ஆள் நிற்கும்போது வாயைவிட்டு வராத அளவுக்குக் கனமானதுதான் பெரும்பாலும் எங்களிடம் வரும். கவுண்டரில் நின்று சொன்னால் அது தராசுத் தட்டில் விழும். எடை கிளார்க் உலகம்மாள் அக்கா அதை நிறுத்து, சாக்கில் போட்டு, வாயைத் தைத்து, மேலே விலாசம் எழுதுவார். கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

இருபது கிலோ வரை ஒரு ஆள். எண்பது வரை இரண்டு ஆள். அதற்கு மேல் நான்கு பேர். எடை வார்த்தையில் இல்லை, யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. 'கல்யாணத்துக்கு வந்துருங்க' என்பது சாதாரணமாக நாலு கிலோ வரும். அதையே பாத்திரக்கடைக்காரர் ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்குச் சொன்னபோது நூற்றுப்பத்து வந்தது. பொய்க்கு எடை கம்மி, பருமன் ஜாஸ்தி. வாசலில் நுழையாது. ஜன்னல் சட்டத்தைக் கழற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும்.

நாங்கள் நான்கு பேர். முன் வலது தாவீது அண்ணாச்சி. எங்களில் மூத்தவர், பேச்சுக்குப் பேச்சு சிரிப்பார். பின் வலது மைதீன் பிச்சை. அதிகம் பேச மாட்டார், ஆனால் அவர் தோள் கொடுத்தால் மூட்டை அசையாது. பின் இடது கொம்பையா. எனக்கு நேர் பின்னால் இருப்பவன். பேச்சில் குறும்பு, வேலையில் சுத்தம். இரண்டு மூங்கில், நடுவில் மூட்டை, நான்கு தோள். அவ்வளவுதான் எங்கள் தளவாடம்.

பின்னால் வருகிற இரண்டு பேருக்கும் மூட்டையைத் தவிர ஒன்றும் தெரியாது. முன்னால் போகிறவன்தான் கண். "இடது பள்ளம்!" என்று நான் குரல் கொடுப்பேன். "ஆச்சு!" என்று பின்னாலிருந்து கொம்பையா சொல்வான். அந்த 'ஆச்சு' வராமல் நான் அடுத்த காலை எடுத்து வைக்க மாட்டேன். பதினோரு வருடம் அப்படி நடந்தோம். அந்தக் காலத்தில் எனக்கு என் பெண்டாட்டி குரலைவிட கொம்பையா குரல்தான் அதிகம் பழக்கம். முகத்தைப் பார்த்ததுதான் குறைவு.

ஒருநாள் காலை டீக்கடையில் கொம்பையா நான் குரல் கொடுப்பதை நடித்துக் காட்டினான். எருமைக்கன்று மாதிரி கத்தினான். தாவீது அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. டீக்கடைக்காரரும் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்று நூற்றிருபது கிலோ மூட்டை. ஒரு அக்காள் தன் தம்பிக்கு ஒன்பது வருடம் கழித்துச் சொல்லி அனுப்பியது. ஓடைத் தெரு முக்கில் சாக்கடையை மூடியிருந்த கல் ஒன்றைக் காணோம். அது என் பக்கம், அண்ணாச்சி கண்ணில் படவில்லை. நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். எருமைக்கன்று எதற்குக் கத்த வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு தாண்டினேன்.

கொம்பையாவின் கால் முழங்கால் வரை உள்ளே போனது. மூட்டையும் சாக்கடையில் விழுந்தது. முனிசிபாலிட்டிக் குழாயில் அதைக் கழுவி, ஈரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தோம். தம்பி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அழுதுக்கிட்டே சொல்லிருக்கா" என்று அடுத்த பஸ்ஸிலேயே அக்காள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அது நல்லபடியாக முடிந்தது. கொம்பையாவுக்குத்தான் இரண்டு மாதம் கட்டு.

விசாரணை வந்தது. குரல் கொடுத்தாயா என்று கேட்டார்கள். "கொடுத்தேன். அவன் காதுல விழல போல" என்றேன். கொம்பையா என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து காலிலிருந்த கட்டைப் பார்த்தான். காது மந்தம் என்று எழுதி அவனை நாலாள் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காது கேளாதவன் பின்னால் நிற்க முடியாது, சட்டம் அது. கட்டுப் பிரித்த பிறகு மஞ்சள் பையில் 'நல்லா இருக்கேன்', 'லெட்டர் வந்துது' மாதிரி உதிரிகளை வீடுவீடாகக் கொடுத்துவரும் வேலை கொடுத்தார்கள். லேசாக நொண்டிக்கொண்டே போவான். வழியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிவிடுவான்.

அவன் இடத்துக்கு ஆள் போடவில்லை. நாலாள் மூட்டைகள் கொட்டகையில் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஊரில் பல வீடுகளில் பேச்சு நின்றுபோனது. எனக்கும் சோறு இறங்கவில்லை. நேரிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் கொம்பையா வீட்டு வாசல் வரை போனேன். "மழை வரும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்று தரமும் மழை வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மைதீன் பிச்சை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கொம்பையா இன்னைக்கு நாலு நாப்பது வண்டியில பம்பாய் போறான். மச்சினன் இட்லிக் கடை வச்சிருக்கான்லா, அங்கயே இருந்துருவானாம். பெஞ்சாதியையும் கூட்டிட்டுப் போறான்" என்றார். மணி மூன்றே கால். நான் எழுந்து நேரே கவுண்டருக்குப் போனேன்.

"நான் குரல் குடுக்கல. வேணும்னேதான் குடுக்கல. உன் காதுல ஒரு கொறையும் கெடையாது. தப்பு பூரா எம் மேலதான் கொம்பையா" என்றேன்.

தட்டு தரையில் போய் இடித்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ. உலகம்மாள் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சாக்கை எடுத்தார். ஒரு சாக்கு போதவில்லை, இன்னொன்றைச் சேர்த்துத் தைத்தார். தைத்து முடித்துவிட்டு, "நாலாளு" என்றார்.

"நான், அண்ணாச்சி, மைதீன் பிச்சை. மூணு பேரு இருக்கோம்க்கா."

"நீ ஆகாது. சொன்னவன் தூக்கக் கூடாது பலவேசம். தூக்கினா வழியில கொஞ்சத்த எறக்கி வச்சிட்டுப் போயிருவான். எத்தன பேரப் பாத்திருக்கேன்."

"நாலு நாப்பதுக்கு வண்டிக்கா."

"எனக்கும் மணி பாக்கத் தெரியும். திங்கக்கிழம வெளியூர்லேர்ந்து ஆளு வாரான்."

திங்கட்கிழமை கொம்பையா பம்பாயில் இட்லி அவித்துக்கொண்டிருப்பான். நான் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தாவீது அண்ணாச்சி என்னையும் மூட்டையையும் பார்த்தார். முதல் தடவையாக அவர் சிரிக்காமல் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். "எந்திரிடே, அதுக்கு மேல நீ வேற எதுக்கு?" என்று என்னை எழுப்பிவிட்டு, உடைந்த கதவுப் பலகை ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அதன் மேல் மூட்டையைப் புரட்டிக் கயிறு கட்டினார்கள். அண்ணாச்சியும் மைதீன் பிச்சையும் இழுத்தார்கள்.

"அக்கா, நான் வழி சொல்லலாமா?" என்று கேட்டேன்.

உலகம்மாள் அக்கா கொஞ்சம் யோசித்தார். "சொல்றதப் பத்தி சட்டத்துல ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் முன்னால் நடந்தேன். கொட்டகைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு ரோடுதான். அந்த ஒரு ரோட்டுக்கு நான் கொடுத்த குரலை வாழ்நாளில் கொடுத்ததில்லை. பள்ளம் சொன்னேன். கல் சொன்னேன். வாழைப்பழத் தோல் சொன்னேன். ஆட்டுப் புழுக்கையைக்கூட விடவில்லை. குதிரை வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். தொண்டை கட்டிப்போனது. ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மணி நாலு இருபது.

வண்டி இரண்டாம் பிளாட்பாரத்தில் நின்றது. அங்கே போக மேம்பாலம் ஏற வேண்டும். நாற்பத்திரண்டு படி. பலகை படியேறாது. அண்ணாச்சி இரண்டு மூங்கிலையும் மாட்டினார், அவரும் மைதீன் பிச்சையும் முன்னும் பின்னும் தோள் கொடுத்துப் பார்த்தார்கள். வலது பக்கம் ஒரு சாண் எழும்பியது. இடது பக்கம் தரையிலேயே கிடந்தது.

அப்போது மேம்பாலத்துக்கு மேலே கொம்பையாவைப் பார்த்தேன். ஒரு கையில் தகரப் பெட்டி, தோளில் படுக்கைச் சுருட்டு. பின்னால் அவன் பெண்டாட்டி செண்பகவல்லி கூஜாவோடு நின்றாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்தான். அதன் பின் இடது பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தான். பெட்டியை செண்பகவல்லியிடம் கொடுத்துவிட்டு, நொண்டி நொண்டி இறங்கி வந்தான். துண்டைச் சுருட்டித் தோளில் வைத்தான். தன் இடத்தில் போய்க் குனிந்தான்.

"அண்ணாச்சி, மொத்தம் எவ்வளவு?"

"எரநூத்திப் பன்னெண்டு."

"மூணு பேருக்கு அடங்காது" என்றான் கொம்பையா. பிறகு யாரையும் பார்க்காமல், மூங்கிலைப் பார்த்துச் சொன்னான்: "முன் இடது காலியா கெடக்கு."

கூடவே வந்து படிக்குக் கீழே நின்றிருந்தார் உலகம்மாள் அக்கா. அவர் ரயில்வே டைம் டேபிள் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, தூத்துக்குடி வண்டி எத்தனை மணிக்கு என்று படிக்க ஆரம்பித்தார். நான் போய்த் தோள் கொடுத்தேன்.

மூட்டை எழும்பியது.

"மொதப் படி!" என்றேன். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

பின்னால் சத்தமில்லை. நான் காலை எடுக்காமல் நின்றேன். அண்ணாச்சியும் நின்றார். மேலே வண்டிக்கு ஓடுகிற ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு நிமிஷம் இருக்கும்.

"ஆச்சு!" என்றான் கொம்பையா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னால் என்ன, வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. "ரெண்டாம் படி!" "ஆச்சு!" "மூணாம் படி!" "ஆச்சு!" இப்படியே ஏறினோம். இருபத்து மூன்றாம் படி மூளி. "படி ஒடஞ்சிருக்கு கொம்பையா, உள்ள தள்ளி வை, வெளிம்புல வைக்காத, நல்லா உள்ள!" என்றேன். "ஒரு தரம் சொன்னா போதும்டே, எனக்குக் காது கேக்கும்" என்றான். தாவீது அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் மூட்டை குலுங்கியது.

இரண்டாம் பிளாட்பாரத்தில் இறக்கி வைத்தோம். கொம்பையா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கு இது?" என்று கேட்டான். மைதீன் பிச்சை, "மேல எழுதிருக்கு பாரு" என்றார்.

பார்த்தான். பல்லால் நூலைக் கடித்து வாயைத் திறந்தான். தலையை உள்ளே விட்டு ரொம்ப நேரம் இருந்தான். வெளியே வந்தபோது மூக்கெல்லாம் சாக்குத் தூசி.

"மூதி" என்றான் என்னைப் பார்த்து. "இத்தன மாசமா இதையா வச்சிக்கிட்டு மழை வருது மழை வருதுன்ன?"

"ஆமா" என்றேன்.

"சரி, தூக்கு. பெட்டியில ஏத்தணும். என் பேருக்கு வந்தது, விட்டுட்டா போவேன்?"

கடைசிப் பெட்டியில் அவனுக்கு இடம். நான்கு பேருமாக ஏற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளினோம். செண்பகவல்லி அதன் மேல் கால் வைத்துக்கொண்டாள். நான் கொம்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஊதியது. நகரவில்லை. மறுபடி ஊதியது. கார்டு வந்து சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன ஏத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"எனக்குச் சொன்னது" என்றான் கொம்பையா.

"எறக்குங்க."

"எறக்க மாட்டேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். இதற்கான விதி அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றப் பயணிகளை முன் பெட்டிகளில் ஏற்றினார்கள். கடைசிப் பெட்டியைக் கழற்றி நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு வண்டி ஐந்தேகாலுக்குப் புறப்பட்டது. அதிலிருந்து இரண்டாம் பிளாட்பாரத்தில் வண்டிகள் கொஞ்சம் முன்னால் தள்ளித்தான் நிற்கின்றன.

மறுநாள் காலை கொம்பையா பெட்டியிலிருந்து இறங்கி, பிளாட்பாரக் குழாயில் பல் விளக்கிவிட்டு, ஏழரைக்கு வேலைக்கு வந்தான். விசாரணையில் சொன்னது பொய் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொய்யும் அதில் இருந்ததால் காகிதம் ஆபீஸ் கதவில் நுழைய மறுத்தது, விடவில்லை, மடித்து மடித்து உள்ளே தள்ளினேன். அவனைப் பின் இடதில் மறுபடி போட்டார்கள். அடுக்கிக் கிடந்த மூட்டைகளை ஒரே மாதத்தில் தீர்த்தோம். தெருவுக்குத் தெரு பேச்சுச் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஆறு வருடம், தள்ளுவண்டி வரும் வரைக்கும், நாங்கள் நான்கு பேரும் ஒரு மூட்டையைக்கூடக் கீழே போட்டதில்லை. என் ஆயுளில் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்த ஆறு வருடத்தைத்தான் சொல்வேன்.

இப்போது தாவீது அண்ணாச்சி இல்லை. மைதீன் பிச்சை மகள் வீட்டோடு காயல்பட்டினத்தில் இருக்கிறார். கொட்டகையில் ஒரே ஆள் சக்கரத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறான், வாயைத் திறப்பதில்லை. நான் சாயங்காலமானால் இரண்டாம் பிளாட்பாரத்துக்குப் போய்விடுவேன். செண்பகவல்லி டீ போட்டுத் தருவாள். அவர்களுடைய மகள் அந்தப் பெட்டியில்தான் பிறந்தாள், இருபத்தேழாம் நம்பர் பெர்த்தில். மாதம் ஒரு தரம் டிக்கெட் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, ஊர் போய்ச் சேரும் வரை செல்லும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

பெட்டி நின்ற இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் பம்பாய் வண்டிப் பெட்டி அல்லவா, ஜன்னலில் ஊர்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஐந்தாம் வருடம் திருச்சி வந்தது. ரேணிகுண்டாவில் கம்பி வழியாகக் கையை நீட்டிப் பூரி வாங்கினார்கள், எனக்கும் இரண்டு எடுத்து வைத்திருந்தார்கள். குண்டக்கல்லில் எஞ்சின் மாற்ற ஏழு மாதம் பிடித்தது. நான் நேற்றுப் போனபோது செண்பகவல்லி பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"காலையில பூனா தாண்டிட்டுடே" என்றான் கொம்பையா. "இன்னும் கொஞ்ச தூரந்தான்."

டீயைக் குடித்து முடித்தேன். சீட்டுக்கு அடியில் இருந்த மூட்டையைக் காட்டி, "இத எறக்க அங்க ஆளு?" என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றான்.

வரும் வழியில் ஸ்டேஷன் கவுண்டரில் பிளாட்பார டிக்கெட் ஒன்று கேட்டேன். எந்த ஸ்டேஷனுக்கு என்று கேட்டார்கள். பம்பாய் என்றேன். கிழித்துக் கொடுத்தார்கள்.