பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

பெரிய கட்டடங்களுக்கு ஃபேன் செய்யும் கம்பெனியில் இரைச்சலைக் கணக்குப் போடுவது அவள் வேலை. ஃபேன் உருவாகும் முன்பே அது எப்படிக் கத்தும் என்று சொல்லிவிடுவாள்.

புது ஃபேனின் வரைபடத்தைப் பார்த்ததுமே மேனேஜரிடம் போனாள்.

"சுத்துற பிளேடு பன்னிரண்டு, பின்னாடி நிக்கிற தகடும் பன்னிரண்டு. எல்லாத்துலயும் காத்து ஒரே நேரத்துல மோதும் சார். ஊளையிடும். நிக்கிற தகட்டைப் பத்தொன்பதாக்குங்க. மோதுறது முன்னபின்ன விழும், ஊளை ஃபேன் குழாய்க்குள்ளயே அடங்கிடும்."

"தகடு வார்க்குற அச்சு செஞ்சாச்சும்மா," என்றவர் அவள் நீட்டிய அறிக்கையை இழுப்பறையில் போட்டு மூடினார்.

நான்கு மாதம் கழித்து நாத்தனார் அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். குரல் கம்மிப்போய் வெறும் காற்றுதான் வந்தது.

"பக்கத்துக் கட்டடத்துல ஃபேன் வச்சிருக்காங்க அண்ணி. நாள் பூரா ஊளை. அதுக்கு மேல கத்திக் கத்தித் தொண்டை போச்சு. உங்க கம்பெனி பேருதான் போட்டிருக்கு."

 மறுநாள் காலை அவள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"புகார் வந்துச்சு. கணக்குல பிசகுன்னு பதில் போட்டுட்டேன்."

"யார் கணக்குல சார்?"

அவர் தட்டச்சைத் தொடர்ந்தார். வெளியே வந்து ஃபேன் வைத்த கட்டடத்தின் உரிமையாளருக்கு அவளே போன் செய்தாள். அவர் மேனேஜரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்.

முழங்கால் இடிக்க மூவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் பாடம் எடுத்தாள். உதடு அசைந்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. முன்னால் இருந்த பிள்ளைகள் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் உரிமையாளர் கேட்டார். "இப்படிக் கத்தும்னு எப்ப தெரியும்?"

தேதி போட்ட அறிக்கையின் நகலை அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் தன் செருப்பைப் பார்த்தார்.

இரண்டே மாதத்தில் பத்தொன்பது தகடு ஏறியது. அதே வகுப்பில் சத்தம் அளக்கும் கருவியை வைத்து அளந்தாள். ஊளை போய்விட்டது, லேசான காற்றோசை மட்டும். ஆனால் மூன்று மாதத்துக்கு உரக்கப் பேசக் கூடாது என்று நாத்தனாருக்கு டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீ அப்பவே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்," என்றார் மேனேஜர்.

"சொன்னேன் சார். இன்னும் எவ்வளவு சத்தமாச் சொல்லணும்?"

கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் படீரென்று மூடினாள். வாசலில் அவர் தன் கார் கதவை அவளுக்காகத் திறந்துவிட்டார். அவள் அதைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.