பெரியவளுக்கு வந்தால் சின்னவளுக்கும்

"யாரும்மா உங்கள எழுந்து நடக்கச் சொன்னது? நேத்துதான் நெஞ்சுல அடைப்பு எடுத்திருக்கு, இன்னைக்கு ஊர்வலம் கெளம்பிட்டீங்களா?"

நர்ஸ் சின்னவளின் கையைப் பிடித்து இழுத்தாள். "அது நான் இல்லம்மா, எங்கக்கா. நாங்க ரெட்டை" என்று கையை விடுவித்துக்கொண்டாள். சொன்னாளே தவிர, அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. இன்று அக்கா, நாளை நான் என்றுதானே நேற்றிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது!

சும்மா பயமில்லை. கொஞ்சம் முந்திப் பிறந்த பெரியவளுக்கு எது வந்தாலும் பின்னாலேயே சின்னவளுக்கும் வந்து நிற்கும். அவளுக்குக் கடைவாய்ப்பல் குடைந்தால் அடுத்த வாரம் இவளுக்குக் கன்னம் வீங்கும். மூக்குக்கண்ணாடி அப்படி, முதல் நரை அப்படி, மாதவிலக்கு நின்றதும் அப்படியேதான். "உங்கக்கா ட்ரெய்லர், நீதான் படம்" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். இப்போது ஐம்பத்திரண்டு வயதில் ட்ரெய்லரிலேயே மாரடைப்பு. நேற்றிலிருந்து அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அப்பாவுக்குத் தொண்ணூற்றொன்று. எழுந்து நடமாட்டம் இல்லையே தவிர, நெஞ்சு கல்லு மாதிரி. நம் வம்சம் லேசில் போகாது என்று சின்னவள் தைரியமாகத்தான் இருந்தாள். அந்தத் தைரியம் ஒரே நாளில் காற்றில் போனது.

அக்கா கட்டிலருகே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். போனாளா? இல்லை. நேராக இதய டாக்டரிடம் போய், "எனக்கும் ஸ்கேன் எடுங்க" என்று நின்றாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். முடிவுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. வார்டுக்குள் போனால் தன் முகமே கட்டிலில் கிடக்குமே என்று பயம். பயந்தாங்கொள்ளி என்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. ரத்தக்குழாய் எல்லாம் சுத்தமா இருக்கு."

"அதெப்படி டாக்டர்? ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சதுங்க நாங்க. ஜீன் எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ஆயுசுல அதுக்கும் பங்கு உண்டு. ஆனா எல்லாத்தையும் அதுவே எழுதி வச்சிடாது. வாழ்ற வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்குல்ல? உங்கக்கா என்ன வேலை பாக்குறாங்க?"

"மில்லுல நைட் ஷிப்ட்."

"பகல்ல நல்லாத் தூங்குவாங்களா?"

அக்காவுக்குப் பகலில் ஏது தூக்கம்? அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வருஷக்கணக்காக இதே பாடுதான். சின்னவள் எப்போதாவது பழப்பையோடு எட்டிப் பார்ப்பாள். "அப்பா நூறைத் தாண்டிடுவாரு" என்று பெருமை பேசிவிட்டு வண்டியை எடுப்பாள். அந்த நூறு யார் உடம்பிலிருந்து போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தாளா மகராசி? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி யாராவது நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து வார்டுக்கு ஓடினாள்.

பெரியவள் விழித்துத்தான் கிடந்தாள். ஒரே முகம்தான், ஆனால் இந்த முகத்துக்குப் பத்து வயது கூடியிருந்தது. இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லை.

"நீயும் ஸ்கேன் எடுத்தியாமே, நர்ஸ் சொன்னா. என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையாம்க்கா."

"அப்பாடா!" பெரியவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உனக்கு இல்லன்னா எனக்கும் பெருசா இருக்காது. நமக்கு எல்லாம் ஒண்ணுதானே? நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க பாரு. பக்கத்து வீட்டுக்காரங்க அப்பாவ எத்தன நாள்தான் பாப்பாங்க, பாவம்!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அக்காவுக்கும் நிம்மதி, சின்னவளுக்கும் நிம்மதி. அது வாயில் வரவில்லை.

"இல்லக்கா. இதுல நாம ஒண்ணு இல்ல. உனக்கு இப்படி ஆனதே தூக்கமில்லாமத்தான். நீ பேசாம படுத்துத் தூங்கு. அப்பாவ இன்னைக்கே என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இனிமே நான் பாத்துக்கறேன்."

பெரியவள் பதறிப்போய் எழப் பார்த்தாள். முடியவில்லை. ஊசி குத்தியிருந்த கையாலேயே தங்கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. உன் உடம்பு கெட்டுரும்."