நான்காம் பக்கத்து வசனம்

சுபாஜினி பிரதேச சபையில் பதினாறு வருடமாகக் கூட்டறிக்கை எழுதுகிறாள். உறுப்பினர்கள் வாய்ச்சண்டை பிடித்தாலும் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டு, பின்னேர பஸ்ஸில் கோப்பாய்க்குப் போய்விடுவாள்.

ஆவணிக் கூட்டத்தில் சந்தைக் கடைகளைத் திரும்பக் குத்தகைக்கு விடும் பேச்சு வந்தது. துணி வியாபாரி நிஸ்தாரும் விண்ணப்பித்திருந்தார். தொண்ணூறாம் ஆண்டு ஆயுத இயக்கம் ஊர் முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது கைக்குழந்தையாகப் புத்தளத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர். கலியாணத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்.

தவிசாளர் பஞ்சலிங்கம் விண்ணப்பத்தை ஒதுக்கிப் போட்டார்.

"உவங்களுக்கு என்னத்துக்குக் கடை? தொண்ணூறிலை ஒருக்கால் போனவங்கள்தானே. இன்னொருக்கால் அனுப்பிறது எங்களுக்குப் பெரிய வேலையில்லை."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கடதாசிகளைப் புரட்டினார்கள். சுபாஜினி எழுதினாள்.

இரண்டு நாள் கழித்துத் தவிசாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நாலாம் பக்கத்திலை அந்த வசனத்தை எடுத்துப்போடும். பம்பலா, சிரிப்புக்குச் சொன்னது."

சுபாஜினியின் அப்பா செத்த வீட்டில் பந்தல் போட்டதிலிருந்து எட்டாம் நாள் எட்டுச்செலவு வரை கூட நின்றவர் அவர். ஆனாலும் அவள் தலையாட்டவில்லை.

"சொன்னதைத்தான் ஐயா எழுதினனான். அடுத்த கூட்டத்திலை திருத்தம் கொண்டுவரலாம்."

"கூட்டத்து ஒலிப்பதிவு அழிஞ்சு போச்சாம். உம்மடை எழுத்து மட்டும்தான் கிடக்கு. யோசியும்."

அந்தக் கிழமையே நிஸ்தார் அலுவலகத்துக்கு வந்தார்.

"அக்கா, ஐயா சொன்னதைப் பற்றிச் சந்தை முழுக்கக் கதைக்குது. எழுத்திலை இருந்தால் மனித உரிமை ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுப்பன். இல்லாட்டி வெறும் கதையாப் போயிடும்."

"சபை உறுதிப்படுத்தின பிறகுதான் பிரதி தரலாம், தம்பி. அடுத்த கூட்டத்துக்கு வாங்கோ. ஆரும் வந்து இருந்து பாக்கலாம்."

பின்னேரம் மிளகாய்க் கன்றுகளுக்கு இறைத்துக்கொண்டிருந்த கணவன் சிவதர்ஷன், விசயத்தைக் கேட்டுவிட்டு மோட்டரை நிறுத்தினான்.

"உமக்கேன் உந்தச் சோலி? தலைக்கு மேலை கடன் கிடக்கு."

"நான் எடுத்துவிட்டால், அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு ஆகிடுமப்பா."

அவன் மோட்டரைத் திரும்பப் போட்டான்.

புரட்டாதிக் கூட்டத்துக்கு நிஸ்தார் வந்து பின்வரிசை வாங்கில் தனியே இருந்தார். அறிக்கையை உறுதிப்படுத்தும் நேரம் தவிசாளர், "நாலாம் பக்கத்திலை ஒரு வசனம் பிழையாப் பதியப்பட்டிருக்கு. நீக்குவம்," என்றார்.

சுபாஜினி எழும்பினாள்.

"எந்த வசனமெண்டு வாசியுங்கோ ஐயா. நீக்கிற வசனத்தையும் தீர்மானத்திலை முழுசா எழுதவேணும்."

"உமக்குத் தெரியும்தானே."

"சபையிலை சொல்லுறதைத்தான் நான் எழுதலாம்."

தவிசாளர் கண்ணாடியைப் போட்டு வாசிக்கத் தொடங்கினார். 'தொண்ணூறிலை' என்ற இடத்தில் குரல் இறங்கியது. முந்திச் சிரித்தவர்கள் இப்போது மேசையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

உறுப்பினர் குணலட்சுமி அமைதியாகக் கேட்டாள்: "அப்ப, நீங்கள் இதைச் சொல்லேல்லையோ ஐயா?"

தவிசாளர் பின்வரிசையைப் பார்த்தார். நிஸ்தார் கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னனான். இப்ப அதுக்கென்ன?"

"அப்ப அது பிழையான பதிவில்லை," என்றாள் குணலட்சுமி. "நான் நீக்க விடமாட்டன்."

நீக்கச் சொல்லி ஒரு கையும் உயரவில்லை. அறிக்கை உறுதியானது. சுபாஜினி 'சொன்னனான்' என்பதையும் எழுதினாள்.

அடுத்த நாள் நிஸ்தார் முத்திரை குத்திய பிரதியை வாங்கிப்போய் முறைப்பாடு கொடுத்தார். மாதம் முடிய முன்னம் சுபாஜினிக்கு உப அலுவலகத்துக்கு இடமாற்றம் வந்தது. கடிதத்தில் காரணம் எழுதியிருக்கவில்லை. இனி இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும்.

தை மாதம் குணலட்சுமி தொலைபேசி எடுத்தாள். ஆணைக்குழு தவிசாளரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. நடந்ததைப் பற்றி அவர் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தை அன்றைய சபைக் கூட்டத்தில் அவரையே வாசிக்க வைத்திருக்கிறார்கள். நிஸ்தாருக்குக் கடையும் கிடைத்திருக்கிறது.

"மன்னிப்பு எண்டு எழுதியிருந்தவரோ?"

"இல்லை. மனவருத்தம் எண்டுதான்."

"இப்ப அறிக்கை எழுதிற பிள்ளைக்கு, மன்னிப்பெண்டு மாத்தி எழுதவேண்டாமெண்டு சொல்லுங்கோ அக்கா. அவர் சொன்னதையே எழுதட்டும்."