ஒனோரின் வீட்டில் தங்கிய புயல்

லாவினியா புயல் பெல்மோர்ன் தீவைக் கடந்து வடமேற்கே போனபோது, அதில் ஒரு துண்டு ஒனோரின் டெல்சோலின் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பெரிய துண்டு ஒன்றும் இல்லை, ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். தப்பு ஒனோரினுடையதுதான், அதை அவளே ஒத்துக்கொள்வாள். புயல் அடிக்கும்போது காற்று மோதாத பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு உப்பி வெடித்துவிடும் என்பது அந்தத் தீவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். புயலின் கண் தலைக்கு மேலே வந்ததும் எல்லாம் ஓய்ந்து, கால் மணி நேரம் வெயில்கூட அடிக்கும். அதற்குள் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், ஏனென்றால் இனி காற்று மறுபக்கத்திலிருந்து வரும். ஒனோரினோ அந்தக் கால் மணி நேரத்தையும் முற்றத்தில் நின்று, சீமைப்பலா மரத்தோடு சேர்த்துக் கட்டிய தன் வேன் பத்திரமாக இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பதிலேயே கழித்துவிட்டாள். ஓடி வந்து உள்ளே நுழையவும் காற்று திரும்பவும் சரியாக இருந்தது. திறந்த ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கயிறு நூல்போல அறுந்து, பதினாலு பேர் உட்காரும் நீல வேன் மேலே எழும்பி, மாதா கோயில் மணிக்கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடல் பக்கம் போயிற்று. "அடிப் பாவி!" என்று கத்திக்கொண்டே அவள் ஜன்னலை அறைந்து தாழ்ப்பாள் போட்டாள். எதிர்ப்பக்கத்து ஜன்னல் ஏற்கெனவே தாழிட்டிருந்தது. அதுவரை உள்ளே வந்திருந்த காற்று உள்ளேயே அகப்பட்டுக்கொண்டது.

அந்த மலைச்சரிவில் கூரை மிஞ்சிய வீடுகள் நாலே நாலு. ஒனோரினின் வீடு மிஞ்சியதற்குக் காரணம் அவள் புருஷன். அவன் சிமெண்டுப் பைத்தியம் பிடித்த கொத்தனார். மூன்று வீட்டுக்கு ஆகும் கான்கிரீட்டை ஒரே வீட்டில் கொட்டிவிட்டு, குவாதலூப் தீவுக்கு வேலைக்குப் போனவன், அங்கே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அவன் செய்த ஒரே நல்ல காரியம் அந்தக் கூரை என்று அவள் சொல்வாள், பிள்ளைகள் இல்லாததால் அந்தப் பேச்சை மறுக்க ஆளும் இல்லை. முதல் இரண்டு மாதம் அக்கம்பக்கத்தார் பதினேழு பேர் அவள் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். காற்று மூலையில் சுருண்டு கிடந்தது, ஈரத் துணியை நீட்டினால் உலர்த்திக் கொடுத்தது, குழந்தைகள் அழுதால் கொசுவலையை ஆட்டிக் காட்டியது. ஆளாளுக்கு வீட்டைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு கிளம்பிய பிறகு, ஒனோரின் ஜன்னலைத் திறந்து, "போடி, போய் உங்கம்மாகூடச் சேர்ந்துக்கோ" என்று துரத்தினாள். போன காற்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. வரும்போது ஒரு பக்கக் கண்ணாடியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தது. அது அவளுடைய வேனின் கண்ணாடி, வலது பக்கத்துக்கானது.

அன்று தொடங்கி அது நாள்தோறும் கடலுக்கும் மலைக்கும் போய், லாவினியா வாரிக்கொண்டு போனதில் ஏதாவது ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தது. தகரங்கள் வந்தன. பாதிரியாரின் குடை வந்தது. பள்ளிக்கூடத்துக் கரும்பலகை, அதில் எழுதியிருந்த வகுத்தல் கணக்கு அழியாமலே வந்தது, அந்தக் கணக்கு தப்பு என்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. தபால்காரர் மனைவியின் சவுரிமுடி வந்தபோது அதை வாங்கிக்கொள்ள அவள் வரவில்லை, இருட்டுவதற்குள் தபால்காரரே வந்து தொப்பிக்குள் மறைத்து எடுத்துப் போனார். தினமும் காலையில் ஒனோரினின் முற்றத்தில் ஊர் கூடும், தன் சாமான் வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள், வராதவர்கள் காற்றைத் திட்டிவிட்டுப் போவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது! ஒரு விஷயத்தை மட்டும் எல்லாரும் கவனித்திருந்தார்கள். ஒவ்வொரு சாமானாகத் திரும்பத் திரும்ப, காற்று ஒரு சுற்று இளைத்தது. கன்றுக்குட்டியாக இருந்தது முதல் வருஷ முடிவில் ஆட்டின் அளவுக்கு வந்துவிட்டது.

புயலுக்குப் பிறகு இரண்டு வருஷமாகக் கப்பல் வரவில்லை. உல்லாசக் கப்பல் வராத துறைமுகம் மாப்பிள்ளை வராத கல்யாண வீடு மாதிரி. பயணிகளுக்குச் சடை பின்னுகிற பெண்கள் ஒருவருக்கொருவர் பின்னிப் பின்னி, அந்தத் தீவில் அவிழ்ந்த கூந்தலே இல்லாமல் போயிற்று. சங்குமாலை விற்கிறவர்கள் விற்காத மாலைகளைத் தாங்களே போட்டுக்கொண்டு மரவள்ளி நடப் போனார்கள். கரையில் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டும் இரும்புக் கட்டைகளில் மீன் காய்ந்தது. ஒனோரினுக்கு அதிலும் வழியில்லை. அவள் நட்ட கிழங்கு அவள் கையைப் பார்த்ததுமே அழுகும். பத்தொன்பது வருஷமாகத் துறைமுக வரிசையில் ஏழாம் எண்ணில் வேனை நிறுத்தி, இறங்கி வருகிறவர்களை செயின்ட் ஓமர் அருவிக்கு அழைத்துப் போய், வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவதுதான் அவளுக்குத் தெரிந்த வேலை, பிடித்த வேலையும் அதுதான். அவளுக்குப் பேச ஆள் வேண்டும். அதுவும் அவளுடைய பொய்களை முதல் தடவையாகக் கேட்கிற ஆள் வேண்டும். ஊரில் அப்படி ஒருவரும் மிச்சமில்லை.

நவம்பர் பதினாலாம் தேதி கப்பல் வருகிறது என்ற செய்தி ஆகஸ்டில் வந்தது. மாதா கோயிலில் மணி அடித்தார்கள், ஆண்கள் குடித்தார்கள், பெண்கள் அழுதுகொண்டே சுவருக்கு வெள்ளையடித்தார்கள். மறுநாள் வேன்காரர் சங்கத் தலைவர் கத்பர்ட் ரோலண்ட், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒனோரினின் முற்றத்துக்கு வந்தார். கப்பல் கம்பெனியின் ஆள் வந்து வண்டிகளைச் சோதிப்பார், தேறிய வண்டிகளின் பட்டியல் ஒட்டப்படும், முதல் கப்பலன்று வரிசையில் நிற்காத எண் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார். அடுத்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய மருமகன் புதிதாக இரண்டு வேன் வாங்கியிருப்பது ஊருக்கே தெரியும்.

"மனசு கஷ்டப்படாத ஒனோரின். வேனே இல்லாதவளுக்கு வரிசை எதுக்கு? வெறுங்கை முழம் போடுமா?"

"முழம் போடுறனோ சாண் போடுறனோ, ஏழாம் நம்பர் என்னுது, அண்ணே. உங்க மருமவன வாயத் தொடச்சிக்கிட்டு வேற வேல பாக்கச் சொல்லுங்க."

"நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியுமே! உங்க சட்டைய இஸ்திரி போட்டதுகூட என் நல்லதுக்குத்தான்."

அவர் போனதும் அவள் வீட்டுக்குள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூலையைப் பார்த்து நின்றாள். "ஏண்டி, ஊரான் குடையும் சவுரியும் உன் கண்ணுல படுது, என் வேன் மட்டும் படலையா? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? பதினாலாம் தேதிக்குள்ள என் வண்டி முழுசா இங்க நிக்கணும், சொல்லிட்டேன்" என்றாள். காற்று திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

அதற்குப் பிறகு வேன் மட்டும்தான் வந்தது. திங்களன்று ஒரு சக்கரம், செவ்வாயன்று இரண்டு இருக்கை, அந்த வாரக் கடைசியில் ஸ்டியரிங். ஒருநாள் சிவப்புக் கதவு ஒன்று வந்தது, பக்கத்துத் தீவுக்காரனுடையது. "திருட்டுப் பட்டம் வேறயா எனக்கு? கொண்டுபோய் வச்சிட்டு வா" என்று திருப்பி அனுப்பினாள். மெக்கானிக் ஃபிட்ஸ்ராய் தினமும் மத்தியானம் வந்து, வந்ததை வந்த இடத்தில் பூட்டினான். அவனுக்கும் ஒனோரினுக்கும் ஒரே வயது, அந்த வேனின் எஞ்சினை நாலு தடவை பிரித்துக் கோத்தவன் அவன். அக்டோபர் முடிவதற்குள் கதவு, கண்ணாடி, விளக்கு, ஹாரன், முன்னால் தொங்கவிட்டிருந்த செபமாலை வரை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. எஞ்சின் மட்டும் வரவில்லை.

சோதனைக்கு வந்தது குளிர்நாட்டுப் பெண் ஒருத்தி, மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. அவள் கையில் நாற்பது கேள்விகள் கொண்ட தாள். விளக்கு எரிகிறதா, இருக்கைப் பட்டை இருக்கிறதா, கண்ணாடி விரிசலா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள். புகை வருகிறதா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள். எஞ்சின் சத்தம் என்ற இடத்தில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சிறிதும் இல்லை என்று எழுதினாள். எஞ்சின் இருக்கிறதா என்று அந்தத் தாளில் எங்கேயும் கேட்கவில்லை. முப்பத்தாறு வண்டிகளில் ஒனோரினின் வண்டிக்குத்தான் அதிக மதிப்பெண். கத்பர்ட் பட்டியலை இரண்டு தடவை படித்துவிட்டு, "பட்டியல்ல ஏறிட்ட, சரி. மேட்டுல எப்படி ஏறுவ?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. கப்பல் வர நாலு நாள் இருக்கும்போது, வேனின் முன்பக்கத்து வெற்றிடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபிட்ஸ்ராய், "எஞ்சின் வந்துரும், நீ பயப்படாத. ஆனா ஒண்ணு, அதுதான் கடைசிச் சாமான். அது வந்துட்டா இந்தக் காத்துக்காரிக்கு இங்க வேல இல்ல, கரைஞ்சிருவா" என்றான்.

"போகட்டும். சனியன் விட்டுச்சுன்னு இருப்பேன்."

சொன்னாளே ஒழிய, அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காற்று இப்போது ஒரு பூனை அளவுதான் இருந்தது. வேனைக் கேட்டு அதை விரட்டியது அவள்தான், ஒவ்வொரு கதவுக்கும் சக்கரத்துக்கும் அது தேய்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அவள்தான். வெளியே போய்விட்டு வந்தால் கதவை முதலில் அதுதான் திறக்கும். அவள் அடுப்படியில் பழைய பயணிகளின் கதைகளைச் சொல்லும்போது, சரியான இடத்தில் சட்டி மூடிகளை ஆட்டிச் சிரிக்கும். அவள் பொய்களை ஆயிரம் தடவை கேட்டும் அலுக்காத ஒரே உயிர் அது. புருஷன் போன பிறகு அந்த வீட்டில் யார்மேலும் அவள் இப்படிப் பாசம் வைத்ததில்லை. அதை நினைத்து அவள் வாய்விட்டே அழுதாள். மறுநாள் விடிகாலையில் காற்று எங்கோ கிளம்பிப் போயிற்று, மூன்று நாள் திரும்பவில்லை.

பதினாலாம் தேதி காலை, மேகத்தைக் கிழித்துக்கொண்டு கப்பல் வந்து நின்றது. வெள்ளை வெளேரென்று, ஊரைவிட உயரமாக இருந்தது. கீழே முப்பத்தைந்து வேன்கள் வரிசையில் நின்றன, ஏழாவது இடம் காலி. ஒனோரின் பூப்போட்ட பாவாடை உடுத்தி, தலைத்துணி கட்டி, முற்றத்தில் வேனுக்குப் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் காற்று வந்தது. எஞ்சினை இழுத்து இழுத்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, அவள் காலடியில் கொண்டுவந்து போட்டது. எஞ்சின் முழுக்கச் சிப்பி ஒட்டியிருந்தது. காற்று ஒரு கோழிக்குஞ்சு அளவுக்கு வற்றிப்போயிருந்தது, ஒரே ஒரு காய்ந்த இலையைக்கூட அதனால் புரட்ட முடியவில்லை.

ஃபிட்ஸ்ராய் குனிந்து ஒரு சிப்பியைப் பெயர்த்தான். அடியில் அவன் தன் கையால் முன்பு பற்றவைத்த தழும்பு இருந்தது. "சுத்தம் பண்ணி மாட்ட ரெண்டு மணி நேரம் ஆகும். இருந்தாலும் வரிசையில நின்னுரலாம், ஒனோரின்" என்றான்.

ஒனோரின் கப்பலைப் பார்த்தாள். காலி இடத்தைப் பார்த்தாள். காலடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"இது என்னுது இல்ல" என்றாள்.

"என்னது?"

"காது அடைச்சிருச்சா? இது என் எஞ்சின் இல்லங்கறேன். எவனோடதோ. நம்பரப் பாரு."

ஃபிட்ஸ்ராய் அவளைப் பார்த்தான். பிறகு எஞ்சினின் எண்ணை விரலால் தடவி, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் படித்தான். "ஆமா. இது வேற" என்றான்.

காற்று அப்படியே நின்றது. வேலை முடியவில்லை என்பது அதற்கு மெதுவாகத்தான் உறைத்தது போலும். முதலில் காய்ந்த இலை புரண்டது, பிறகு பாவாடை ஓரம் ஆடியது, பிறகு முற்றத்துக் கோழிகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. கண்மூடித் திறப்பதற்குள் அது பழையபடி கன்றுக்குட்டியாகி அவள் இடுப்பில் முட்டியது. "சும்மா இருடி, தலைத்துணி கலையுது" என்றாள் அவள். துறைமுகம் வரை இறக்கம்தான், பிரேக்கை விட்டால் வண்டி தானே போகும், வரிசையிலாவது நிற்போம், மேட்டில் ஏற முடியாவிட்டால் எண் போய்த் தொலையட்டும் என்று நினைத்துத்தான் அவள் ஏறி உட்கார்ந்தாள். ஏழாவது இடத்தில் போய் நின்றாள், பதினாலு பேர் ஏறினார்கள், வண்டி மிச்ச இறக்கத்தில் உருண்டு மலைப்பாதையின் முதல் திருப்பத்துக்கு வந்து நின்றது. கத்பர்ட் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். காற்று பின்னால் போய்த் தோளைக் கொடுத்தது. வேன் சத்தமே இல்லாமல், புகையே இல்லாமல், எண் கிடைக்காமல் பாதையோரம் நின்றிருந்த மருமகனின் இரண்டு புது வேன்களையும் தாண்டிக்கொண்டு மேடேறியது.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் கப்பல் வருகிறது, சடை பின்னுகிறவர்களுக்குக் கை ஓய்வதில்லை, கத்பர்ட்டின் மருமகனுக்கு முப்பத்தேழாம் எண் கிடைத்திருக்கிறது. ஏழாம் எண் வேனில் என்ன ஊற்றி ஓட்டுகிறாய் என்று யாராவது பயணி கேட்டால், உள்ளூர்ச் சரக்கு என்கிறாள் ஒனோரின். கப்பல் வராத புயல் மாதங்களில் காற்று எஞ்சின் தேடப் போகிறது. படகு எஞ்சின், தண்ணீர் பம்பு, எங்கோ ஒரு தீவின் ஐஸ் ஃபேக்டரி மோட்டார் என்று இதுவரை பதினொன்று கொண்டுவந்திருக்கிறது. உடையவர்கள் படகில் வந்து, ஒரு வாய் ரம் குடித்துவிட்டு எடுத்துப் போகிறார்கள். சிப்பி ஒட்டிய எஞ்சினைக் கேட்டு மட்டும் யாரும் வரவில்லை, அதன்மேல் கோழி முட்டையிடுகிறது. போன செப்டம்பரில் ஒரு டிராக்டர் எஞ்சின் வந்தது. ஒனோரின் மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, குனிந்து, நிதானமாக எண்ணைப் படித்தாள். "இதுவும் என்னுது இல்லடி. நல்லாத் தேடு, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். காற்று அவளுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டது.