ரசமட்டத்தின் குமிழ்

பூமி சுற்றவில்லை என்று நான் சொன்னபோது சிரித்தவர்கள் எல்லாரும் மெத்தப் படித்தவர்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்று கரண்டியைக் கையில் எடுத்தவன். இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு முப்பது வருடமாகக் கொத்தனார். நாங்கள் குடியிருக்கும் கீழ் லயத்தின் பன்னிரண்டு வீடுகளுக்கும் தரை போட்டதும் பின்னால் கால்வாய் கட்டியதும் இந்தத் தர்மாதான். மட்டம் பார்த்தே வயிறு வளர்த்தவனிடம் வந்து, மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வேகத்தில் நீ சுற்றிக்கொண்டிருக்கிறாய் என்றால் கோபம் வராதா? அப்படிச் சுற்றினால் என் தேத்தண்ணீர் ஏன் சிந்தவில்லை?

சட்லைட்டும் அப்படித்தான். வானம் நிறைய மிதக்கிறதாம். ஆனால் கம்போங் ராஜா டவுனுக்குப் போகும் வழியில் நாலு வளைவு தாண்டினால் போனில் லைன் கிடையாது. இதையெல்லாம் பேசிப் படம் பிடித்துப் போடுவேன். என் சேனலுக்குப் பெயர் ‘அசையாத பூமி’. நானூற்றுப் பத்துப் பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் எங்கள் தோட்டம், மீதி பக்கத்து ஊர் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர்கள்.

போன வருடம் தோட்டத்துத் துரை, லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு கம்பம் நட வைத்தார். அதில் ஒரு பெட்டி, உச்சியில் அபாயச் சங்கு. நட வந்த இஞ்சினியர் ரிதுவான் சின்ன வயசுக்காரர், பணிவாகத்தான் பேசினார்.

“அங்கிள், மலை ஒரு முடி அளவு சாஞ்சாலும் இந்தப் பெட்டிக்குத் தெரிஞ்சிரும். சட்லைட்டுக்குச் சொல்லும். உடனே சங்கு ஊதும்.”

“சட்லைட்டக் கண்ணால பார்த்திருக்கீங்களா தம்பி?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

செப்டம்பரில் அந்தச் சங்கு இரண்டு முறை ஊதியது, இரண்டும் நல்ல வெயில் நாள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம், லயத்தைவிட்டுத் தள்ளி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடியது. முதல் தடவை ஓடியதில் என் அக்கா மகள் பூவிழி, ஏழு மாத வயிற்றோடு, சறுக்கி விழுந்தாள். மலை மலையாகவே இருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்!

இரண்டாம் தடவை ஊதியபோது என் ரசமட்டத்தை எடுத்து வந்தேன். கடைசி வீடு பூவிழியுடையது. அதன் பின்னால் நான் கட்டிய சிமெண்டுப் பெஞ்சில் வைத்தேன். மட்டத்தின் கண்ணாடிக் குழாயில் குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அப்படியே நின்றது.

“பாருங்க! பூமியே அசையலங்கறேன், மலை எங்க அசையும்?”

எல்லாரும் கைதட்டினார்கள். பூவிழியின் புருஷன் லிங்கேஸ்வரன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறிச் சங்கின் வயரை வெட்டினேன். முனைகளைக் கறுப்பு டேப்பால் சுற்றினேன். எதைச் செய்தாலும் எனக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, பெஞ்சில் பென்சிலால் போட்ட அடையாளத்தில் மட்டத்தை வைத்துப் படம் பிடித்தேன். ஒன்பது ஞாயிறு. ஒன்பதிலும் “பாருங்க, அசையல” என்றேன்.

நவம்பரில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பத்தாவது ஞாயிறு மட்டத்தை வைத்தேன். குமிழ் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மட்டம் கெட்டுவிட்டதோ என்று முனை மாற்றி வைத்தேன். கெட்ட மட்டம் என்றால் குமிழ் எதிர்ப்பக்கம் போகும். போகவில்லை. இரண்டு தடவையும் மலைப்பக்கமே ஏறியது. அப்படியென்றால் தரை பள்ளத்துப் பக்கம் இறங்கியிருக்கிறது. பெஞ்சு மட்டும் இறங்கியிருக்கும் என்று பூவிழி வீட்டு வாசற்படியில் வைத்தேன். அங்கும் அதே கதை.

மழையில் நின்றபடி பழைய படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு முடி, வாரத்துக்கு ஒரு முடி என்று குமிழ் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதன் மேல் என் குரல், “பாருங்க, அசையல.” எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு ஓடி விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி சசிரேகா, என் முகத்தைப் பார்த்தே நம்பி, மகளை இழுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனாள். நான் பூவிழி வீட்டுக்கு ஓடினேன்.

“மாப்ள, புள்ளயத் தூக்கிட்டு வெளிய வா. மலை நவுருது.”

லிங்கேஸ்வரன் சிரித்தான். “என்ன மாமா, இன்னிக்கு வீடியோவுக்கா? போன் எங்க?”

“வெளையாட்டு இல்லடா. மட்டம் சாஞ்சிருச்சு!”

“மழைக்குச் சிமெண்டு எறங்கியிருக்கும் லா. நீங்கதானே சொன்னீங்க, பூமியே அசையல, மலை எங்க அசையும்னு?”

உள்ளேயிருந்து பூவிழி சொன்னாள். “பொறந்து இருவது நாள்தான் மாமா ஆவுது. இந்த மழையில எப்படித் தூக்கிட்டு வருவேன்? அன்னிக்கு விழுந்த வலியே இன்னும் போவல.”

கெஞ்சினேன், திட்டினேன், காலில் விழவும் போனேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோல் பார்த்தார்கள். மற்ற பத்து வீடுகளில் இரண்டு குடும்பம்தான் கிளம்பியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெடப்போவது நான் மட்டும் இல்லை.

சங்குதான் வழி என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினேன். பாதி வழியில் நான் கட்டிய கால்வாயைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. மேலே தண்ணீர் சேறாகக் கொப்பளித்து வந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை. நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு, வந்த தண்ணீரெல்லாம் அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எத்தனை நாளாக எரிகிறதோ. கம்பம் சாய்ந்திருந்தது. ஏணியைச் சார்த்தி ஏறினேன். டேப்பைப் பிரித்து வயரை முறுக்கினேன். காது கிழிய ஊதியது சங்கு. முப்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சத்தத்தையும் கேட்டதில்லை. கீழே பார்த்தேன்.

லிங்கேஸ்வரன் மட்டும் வாசலுக்கு வந்தான். அண்ணாந்து என்னைப் பார்த்தான். பிள்ளை தூங்குகிறது, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனான். வீடுவீடாக ஜன்னல்களைச் சாத்தினார்கள். நான் கத்திக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினேன். சங்குச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியாகப் பூவிழி எழுந்து வந்து, அவள் வீட்டு ஜன்னலையும் சாத்தினாள்.