ரெண்டு அடுப்படி

மனைவி இறந்த பதினேழாவது நாள், சாயங்காலம் ஆறரை மணிக்கு, சமையலறை ஸ்பீக்கர் தானாகப் பாட ஆரம்பித்தது.

அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கால் செருப்பு கழன்றிருந்தது. திடுக்கிடவில்லை, பயமும் வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டபடி இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஃப்ரிட்ஜின் மேல் அந்த வெள்ளை உருளை பச்சை விளக்கோடு பாடிக்கொண்டிருந்தது. ஐந்தோ ஆறோ பாட்டு. பிறகு தானாகவே நின்றது. அதுவரைக்கும் அவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குழாயைத் திறந்திருக்கவும் இல்லை.

வீட்டில் மொத்தம் நாலு ஸ்பீக்கர். நாலும் அவள் வாங்கிப் போட்டவை. கூரியர் ஆபீஸ் கவுண்டரில் நாளெல்லாம் மற்றவர்களின் பார்சல் சண்டையைக் கேட்டுவிட்டு வருகிறவள். வீட்டுக்குள் நுழைந்ததும் காதைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்பாள். ஒயர் எதுவும் கிடையாது. எல்லாம் வைஃபையில் ஓடுபவை. போனில் ஒரு தட்டு தட்டினால் படுக்கையறையில் பாடுவது கூடத்துக்கு வரும், கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும். அவள் துணியை மடித்துக்கொண்டு அறை அறையாக நடக்க, பாட்டும் கூடவே நடக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். சமையலறையில் இருப்பது ‘அடுப்படி’. குளியலறையில் இருப்பது ‘பாடகி’. கூடத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பது ‘பெரியவர்’. அதன் சத்தத்தை எப்போது பார்த்தாலும் குறைக்கச் சொல்வார் என்பதால் அந்தப் பெயர்.

அவருக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கும் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே கடை, ஒரே மேசை. சீட்டில் எழுதியிருக்கும் பவரைப் பார்த்து, லென்ஸில் மூன்று புள்ளி குத்தி, ஃப்ரேமின் வளைவுக்கு ஓரத்தைத் தேய்த்து, பொருத்தி, துடைத்துக் கொடுக்க வேண்டும். மெஷின் போடும் இரைச்சலில் பாதி நாள் போய்விடும். அதனால் வீட்டில் அமைதி வேண்டும் என்பார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இருவருக்கும் பெரிய சண்டை என்று வந்தது இந்தச் சத்த விஷயத்தில் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிச் சண்டை போட்டு முடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

மறுநாளும் ஆறரைக்குப் பாடியது. அடுத்த நாள் ஏழு மணிக்கு. அதற்கடுத்த நாள் ஒன்றும் இல்லை. பிறகு திரும்பவும் ஆறரைக்கு. அவள் ஏதோ நேரம் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதை நிறுத்த யாரையாவது கூப்பிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததைச் செய்ய ஒரு வாரம் பிடித்தது. அந்த நாட்களில் எல்லாமே அப்படித்தான் இருந்தது. பல் துலக்கலாம் என்று எழுந்தால் பத்து நிமிஷம் கழித்துக் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார்.

சனிக்கிழமை நெட்காரர் வந்தார். வைஃபை வைத்துக் கொடுத்தவர் அவர்தான். அலமாரியில் இருந்த மனைவியின் போனைச் சார்ஜ் போட்டுத் திறந்து கொடுத்ததும், நெட்காரர் நின்றுகொண்டே இரண்டு நிமிஷம் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இது ரிப்பேர் இல்ல சார். வெளியிலேர்ந்து யாரோ போடுறாங்க. இங்க பாருங்க, ‘ரெண்டு அடுப்படி’ன்னு ஒரு குரூப். அதுல உங்க ஸ்பீக்கர் ஒண்ணு, ‘குட்டி அடுப்படி’ன்னு இன்னொண்ணு. அவங்க அங்க போட்டா ரெண்டு இடத்துலயும் பாடும். ஒரே அக்கவுன்ட்டு.”

குட்டி என்றால் மனைவியின் தங்கை. வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அவள் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி நகரும். ஆனாலும் வீட்டில் குட்டிதான்.

பிரித்துவிடவா என்று நெட்காரர் கேட்டார்.

“இருக்கட்டும்,” என்றார் அவர்.

நெட்காரர் போன பிறகு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் இப்போதுதான் புரிந்தன. ஞாயிறு காலை பத்தரைக்குச் சமையலறையில் பாட்டு ஆரம்பிக்கும். மனைவி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தங்கையோடு பேசிக்கொண்டே காய் நறுக்குவாள். அங்கேயும் அதே நேரத்தில் அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை. சொல்லியிருப்பாளோ என்னவோ, அவர் காதில் வாங்கியிருக்க மாட்டார்.

கடைசி ஞாயிறும் அப்படித்தான். சத்தத்தைக் குறையேன் என்று அவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். கதவைச் சாத்திக்கோங்க என்று அவள் பதில் கொடுத்தாள். அவர் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். லீவு நாளில் போனைச் சைலன்டில் போட்டுவிடுவது அவர் வழக்கம். ஏதோ கருகும் வாசனை வந்த பிறகுதான் எழுந்து போனார். அவள் அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் கிடந்தாள். பாட்டு பாடிக்கொண்டிருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்தபோது டாக்டர் தலையை ஆட்டினார். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தன் போனை எடுத்துப் பார்த்தார். குட்டியிடமிருந்து பதினோரு தடவை அழைப்பு வந்திருந்தது.

துக்கத்துக்கு வந்த குட்டி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், பாய் விரித்தாள், மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டாள். எப்போது கேட்பாள் என்று அவர் மூன்று நாளும் காத்திருந்தார். கேட்டிருந்தால் ஒரு வழியாக முடிந்துபோயிருக்கும். கேட்காமல் போனதால் அவளுக்குப் போன் செய்ய அவருக்குக் கை வரவில்லை.

அதன் பிறகு சாயங்காலங்களில் ஆறு இருபதுக்குள் வீட்டுக்கு வந்துவிடப் பழகிக்கொண்டார். ஸ்டூலில் உட்காருவார். காலையில் வைத்த சோறு இருந்தால் சாப்பிடுவார். பாட்டு பிடித்தது என்றும் இல்லை, பிடிக்கவில்லை என்றும் இல்லை. ஒரே பாட்டு மூன்று தடவை வந்தால் மூன்று தடவையும் கேட்டார். முதல் வாரத்திலேயே ஒரு நாள் சத்தம் அதிகமாகத் தோன்ற, எழுந்து உருளையின் தலையில் இருந்த கழித்தல் பொத்தானை இரண்டு முறை அழுத்தியிருந்தார். அந்த அளவிலேயே அது பாடிக்கொண்டிருந்தது. குட்டிக்குத் தெரியாமல் அவள் வீட்டு ஜன்னலோரம் நிற்பதுபோல ஒரு கூச்சம் மட்டும் எப்போதாவது வரும். அதுவும் சீக்கிரம் போய்விடும்.

இதற்கிடையில் கடையில் ஒரு தப்பு நடந்தது. ரிடயர்டு டீச்சர் ஒருவரின் லென்ஸை அவர் அச்சு மாற்றிப் பொருத்திவிட்டார். தொண்ணூறில் இருக்க வேண்டியது நூற்றெண்பதில் உட்கார்ந்துவிட்டது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைப் படி இறங்கும்போது தரை சரிந்து தெரிந்து தடுமாறி, கைப்பிடியைப் பிடித்து நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவர் மன்னிப்புக் கேட்டு வேறு போட்டுக் கொடுத்தார். கை நடுங்கவில்லை, முகம் மாறவில்லை. அதைப் பார்த்துத்தான் முதலாளி பயந்துபோயிருக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

வந்த நேரம் ஆறே முக்கால். சமையலறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி மெதுவாகப் பேசுகிறவர். ஒன்றும் காதில் விழவில்லை. அவர் எழுந்துபோய்க் கழித்தல் பொத்தானைச் சத்தம் அடங்கும்வரை அழுத்திவிட்டு வந்தார். முதலாளி சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் விஷயத்துக்கு வந்தார். பத்து நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள், மேசை அங்கேயேதான் இருக்கும், வேறு யாரும் உட்கார மாட்டார்கள் என்றார். அவர் சரி என்றார். முதலாளி தண்ணீர் குடித்துவிட்டு, மேசையில் படிந்திருந்த தூசியைப் பார்த்தும் பார்க்காததுபோல எழுந்தார்.

மறுநாள் ஆறரைக்குப் பாட்டு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. டிப்போவில் வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். லீவில் இருந்ததால் ஐந்து மணிக்கே ஸ்டூலுக்கு வந்துவிட்டார். நாலாம் நாள் ஏழு மணிவரை பார்த்துவிட்டு, தன் போனை எடுத்துக் குட்டியைக் கூப்பிட்டார்.

“நான்தான் குட்டி.”

“சொல்லுங்க அத்தான்.”

நலம் விசாரித்தார். அவளும் விசாரித்தாள்.

“பாட்டு நின்னுபோச்சு. அதான் கேக்கலாம்னு,” என்றார்.

பின்னால் பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“நீங்கதானே பூஜ்யத்துல வச்சீங்க,” என்றாள்.

பிறகு சொன்னாள். குரூப்பைத் தட்டினால் அவள் போனில் இரண்டு ஸ்பீக்கருக்கும் இரண்டு கோடு தெரியும், எந்த வீட்டில் எவ்வளவு சத்தம் என்று. முதல் நாள் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டாளாம். அத்தான் வீட்டிலும் பாடுகிறதே, என்ன நினைப்பாரோ என்று நிறுத்தப்போனாளாம். ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்றாவது நாளோ என்னவோ, அவர் வீட்டுக் கோடு நாற்பதிலிருந்து முப்பதுக்கு இறங்கியது. அப்படியென்றால் அந்த அடுப்படியில் ஆள் நிற்கிறார், கேட்கிறார், ஆனால் அணைக்கவில்லை. அதற்காகத்தான் தினமும் போட்டாள். வியாழக்கிழமை அந்தக் கோடு பூஜ்யத்துக்குப் போனது. இரண்டு நாள் அப்படியே போட்டுப் பார்த்தாள், ஏறவில்லை. போதும் என்கிறார் என்று விட்டுவிட்டாள்.

முதலாளி வந்ததையும் பொத்தானை அழுத்தியதையும் அவர் சொன்னார். திரும்ப ஏற்ற மறந்ததையும் சொன்னார். சொல்லிவிட்டுப் போனை வைக்கப்போனவர், வைக்கவில்லை.

“அன்னிக்கு நீ பதினோரு தடவ கூப்பிட்ட. நான் எடுக்கல. கதவைச் சாத்திட்டுப் படுத்திருந்தேன். போன் சைலன்ட்ல இருந்துச்சு. இத யார்கிட்டயும் நான் சொல்லல.”

சீட்டில் எழுதிய பவரைப் படிப்பதுபோலத்தான் அதைச் சொன்னார்.

“தெரியும் அத்தான். கேட்டிருந்தா எடுத்திருப்பீங்க.” பிறகு அவள் குரல் தணிந்தது. “பதினொன்னு பதினாலுக்கு ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. உங்களுக்கு நான் முதல் தடவ போட்டது பதினொன்னு பத்தொன்பதுக்கு. நடுவுல அஞ்சு நிமிஷம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பாத்திரம் விழுந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு என் மாமியாரைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தேன். அக்கா சிரிக்கலையேன்னு கோவம் வேற.”

டைம் கீப்பருக்கு நேரம் தப்பாது என்று மட்டும் அவர் மனதில் ஓடியது. இத்தனை நாள் அந்த ஐந்து நிமிஷத்தை அவள் தனியாக வைத்துக்கொண்டு வண்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நீ மூணு நாள் இங்க இருந்தியே. என்னை ஒண்ணும் கேக்கல,” என்றார்.

“கேட்டா நீங்க என்னைக் கேப்பீங்க.”

அதன் பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். அவருக்குக் கண் கலங்கவில்லை. கலங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். கடைசியில் அவள்தான் பேசினாள்.

“லீவுதானே? இங்க வந்து நாலு நாள் கெடங்க. எங்க வீட்ல சத்தம்தான் ஜாஸ்தி.”

“பரவாயில்ல,” என்றார்.

இரண்டு நாள் கழித்துப் போனார். ஒரு பையில் இரண்டு சட்டையும் மனைவியின் போனும். பஸ் நிலையத்துக்குக் குட்டியின் கணவர் வந்திருந்தார். டிப்போவில் மெக்கானிக், அதிகம் பேசாத ஆள். பையை வாங்கி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, நகம் நிறைய எண்ணெய்க் கறையோடு வழி முழுக்கப் பள்ளங்களைப் பற்றி மட்டும் பேசினார். வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கள் சண்டையைத் தொடர்ந்தார்கள். யாரும் துக்கம் விசாரிக்கவில்லை.

மத்தியானம் சமையலறையில் குட்டி இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் குரூப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். இனிமேல் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஏதாவது என்றால் போன் செய்துகொள்ளலாம் என்றாள். அவர் தலையாட்டினார். அவள் தட்டினாள். நிஜமாகவே நீக்கவா என்று போன் ஒரு தடவை கேட்டது. அவள் அவரைப் பார்த்தாள். ஆம் என்பதை அவரே தொட்டார். பெயர் திரையிலிருந்து போனது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

அவர் முன்னறையில் பாயில் படுத்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் காலைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள், வாசலில் மெக்கானிக் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கதவு எதையும் சாத்தச் சொல்லத் தோன்றவில்லை. கண்ணை மூடினார்.

விழித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. எந்த வீடு, எந்தச் சுவர் என்று ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார். குட்டி அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

“பசிக்குது,” என்றார்.

அவள் திரும்பிப் பார்க்காமலே முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். எந்தப் பக்கம் என்று கேட்டார். கரண்டியால் காட்டினாள்.