ரேகை ஆகாது

இசைவாணிக்கு இரண்டு இடங்களில் சீட்டு கிடைத்தது. ஒன்று விழுப்புரத்தில், சின்னக் காலேஜ். இன்னொன்று சிதம்பரத்து யூனிவர்சிட்டி. விழுப்புரம் என்றால் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம், கள்ளக்குறிச்சி பஸ் நிறைய இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அதனாலேயே அவள் சிதம்பரம் என்றாள்.

காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு காலனியில் அவர்கள் வீடு. அப்பா கொளஞ்சியப்பன் சங்கராபுரத்தில் காஜா பாயின் மணிலாக்கொட்டை மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா குஞ்சம்மாள் கிடைத்த கழனியில் களை பறித்தாள். அம்மாவின் அண்ணன் மகன் பழனிக்கு இசைவாணி என்று அவள் ஏழாவது படிக்கும்போதே பேசி முடித்திருந்தார்கள்.

"தை வரைக்கும் போய்க்கினு வரட்டும். அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

மூன்று வருடப் படிப்பில் தை வரைக்கும் படித்தால் என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை. தூரத்தில் இருந்தால் சுலபமாக இழுத்துக்கொண்டு போக முடியாது என்று இசைவாணி நினைத்தாள். அவள் சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்த கதை அவ்வளவுதான்.

சேரும் நாளில் அப்பாவோடு காஜா பாயும் வந்தார். கொள்ளிடம் பக்கம் அவருக்கு ஏதோ வேலை இருந்தது. ஹாஸ்டல் மேசையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். மாணவியைப் பார்க்கவும் அழைத்துச் செல்லவும் உரிமை உள்ளவர் யார், அவர் கையெழுத்து என்று அதில் கட்டங்கள். அப்பா அதற்குள் கட்டைவிரலைத் துண்டில் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். பின்னால் பேண்ட் போட்ட ஒரு அப்பா பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றார். அவருடைய மகள் இசைவாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ரேகை ஆகாதுப்பா. கையெழுத்துதான் கேக்கறாங்க."

அப்பா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார்.

"பாய், நீங்க போடுங்க."

"பெத்தவன் நீ கல்லாட்டம் நிக்கற, நான் இன்னாத்துக்கு?"

"ரேகை ஆகாதாம் பாய்."

காஜா பாய் நீளமாக ஒரு கையெழுத்துப் போட்டார். உறவு என்ற கட்டத்தில் இசைவாணி 'மாமா' என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகு அதைப் பற்றி அவள் அதிகம் நினைக்கவில்லை.

யூனிவர்சிட்டி ஒரு ஊர் அளவு இருந்தது. முதல் வாரம் விலங்கியல் கட்டிடத்தைத் தேடி இரண்டு முறை தொலைந்து போனாள். மெஸ் வரிசையில் அவளுக்கு முன்னால் நூறு பேர், பின்னால் நூறு பேர். நீ யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. சோறு பிடிக்கவில்லை, அது பரவாயில்லை.

அறையில் கூட இருந்தவள் அமிர்தம், திருநாவலூர்ப் பெண். செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று பேச்சு வந்தது. எண்பத்தேழாம் வருடம் அது. சாலையில் மரத்தை வெட்டிப் போடக் கோடாலி தீட்டி வைத்திருப்பதாக அமிர்தத்தின் அண்ணன் கடிதம் எழுதியிருந்தான்.

"மரம் இன்னாடி பண்ணுச்சி உங்களை?" என்றாள் இசைவாணி.

"உனக்கு இன்னா, தனியா சீட்டு எடுத்து வெச்சிக்கிறாங்க. நாங்க வெட்டிப்போட்டுத்தான் கேக்கணும்."

"அந்தச் சீட்டுல முள்ளு கீது. வேணும்னா வா, மாத்திக்கலாம்."

அமிர்தம் சிரித்தாள். இவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறியல் தொடங்கியதும் பஸ் நின்றது, கடிதம் நின்றது. வகுப்புகளும் இல்லை. பக்கத்து ஊர்ப் பெண்களை மட்டும் வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். ஐந்தாம் நாள் பகலில் வாட்ச்மேன் பிச்சைமுத்து மாடிப்படிக்குக் கீழே நின்று கத்தினார்.

"பதினேழாம் நம்பர் இசைவாணி. உங்கப்பான்னு ஒருத்தர் வந்துகீறார். கூட்டிக்கினு போவணுமாம்."

"பஸ்ஸே இல்லியே?"

"நடந்தாரும்மா. மூணு நாளா."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தூரத்தை யாரும் நடந்து கடப்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. இப்போது போனால் திரும்பி வர முடியாது. அம்மா விடமாட்டாள்.

பிறகு எழுந்து பார்வையாளர் அறைக்குப் போனாள். வெளியிலேயே அப்பாவின் குரல் கேட்டது. பிச்சைமுத்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அட்டையில எம் பேரு இருக்காதுங்க. ரேகை ஆகாதுன்னு எம் பொண்ணு அப்பவே சொல்லுச்சி."

"யாருய்யா சொன்னது ஆவாதுன்னு? இந்த நோட்டுல பாதி ரேகைதான்."

நோட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அப்ப ரூலை மாத்திட்டாங்க போல" என்றார் அப்பா.

உள்ளே மேசையில் நோட்டு திறந்து கிடந்தது. பக்கம் முழுக்க ஊதா ரேகைகள். பக்கத்தில் மைப்பெட்டி. அப்பாவின் காலில் செருப்பில்லை. துண்டைக் கிழித்து இரண்டு பாதத்திலும் சுற்றியிருந்தார். சட்டையில் புகை நாற்றம்.

வார்டன் அட்டையோடு வந்தார். "இதுல காஜான்னுதான் இருக்கு. இவர் உன் அப்பாவா? ஆமான்னா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் பெட்டியை எடுத்துக்கோ. என்னிக்குத் திரும்பி வருவேன்னும் எழுதணும்."

இசைவாணி பேனாவை எடுத்தாள். எழுதத் தேதி இல்லை. பேனா தாளைத் தொட்டபடி நின்றது.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அட்டை மேசைக்கு முன்னால் நின்ற அன்று பார்த்த அதே முகம்.

"இல்லீங்கம்மா" என்றார் வார்டனிடம். "நானு அப்பா இல்லீங்க. காஜா பாய் மண்டில மூட்டை தூக்கறவன். அப்பான்னாத்தான் உள்ள வுடுவாங்கன்னு சொல்லிட்டேன்."

"பொண்ணுங்க இருக்கற இடத்துல வந்து பொய் சொல்றியா? போலீஸைக் கூப்பிட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"தப்புதாங்க." அவர் கையைக் கட்டிக்கொண்டார். "பொண்ணைப் பாத்துச் சேதி சொல்லிட்டு வரச் சொன்னாங்க. அவங்க வூட்டுல ஆளுங்க எல்லாம் சொகம். வூடு மட்டும் பத்திக்கிச்சி. அந்தத் தெருவுல பத்து வூடுங்க. இப்ப மலைமேல தெரிஞ்சவங்க கொட்டாயில தங்கிக்கினு கீறாங்க. பொண்ணு இங்கியே இருந்து படிக்கட்டும்னாங்க."

"யார் கொளுத்தினது?"

"அதெல்லாம் சொல்லி அனுப்பலீங்க."

வார்டன் இசைவாணியைப் பார்த்தார். அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வந்ததை எழுதி ரேகை வாங்கிட்டு அனுப்பு" என்று பிச்சைமுத்துவிடம் சொல்லி வார்டன் போய்விட்டார். வந்தவருக்கு எழுதத் தெரியாவிட்டால் மாணவிதான் எழுத வேண்டும், அது அங்கே வழக்கம்.

"பேரு?" என்றார் பிச்சைமுத்து.

"ராசுங்க."

ராசு அப்பாவின் அண்ணன். அவள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர். அவள் ராசு என்று எழுதினாள். ஊர், சங்கராபுரம். உறவு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அப்பா மையில் கட்டைவிரலை உருட்டி அதன் பக்கத்தில் வைத்தார். எப்போதோ அரிவாள் பட்ட தழும்பு ரேகைக்கு நடுவில் வெள்ளைக் கோடாக விழுந்தது.

"வரேங்க பாப்பா" என்றார். மண்டி ஆள் முதலாளி வீட்டுப் பெண்ணிடம் சொல்வது போலவே சொன்னார்.

அவள் தலையாட்டினாள்.

மேலே அமிர்தம் கேட்டாள். "யாருடி?"

"காஜா மாமா மண்டி ஆளு."

"சங்கராபுரத்துல இருந்து நடந்தா வந்தான், மண்டி ஆளு?"

அமிர்தம் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தை வந்தது. யாரும் அழைக்க வரவில்லை. பழனிக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று வருடமும் அவள் படித்து முடித்தாள். லீவில் போனபோதெல்லாம் அப்பா அவளோடு நன்றாகவே பேசினார். சிதம்பரத்துக்கு மட்டும் அவர் மறுபடி வரவில்லை. பிச்சைமுத்து கடைசி வருடம் ஒருநாள் கேட்டார், "உனக்கு அப்பா இல்லியாம்மா?"

"இருக்கார்" என்றாள்.

"ஒரு தபாகூட வந்து பாக்கலியே."

"ரொம்ப தூரம்" என்றாள்.